வலி எங்கே என்று பிறகு கேட்பேன்

கர்க்கடகம் பிறந்துவிட்டால் எங்கள் வைத்தியசாலையில் தோணி, அதாவது எண்ணெய் தேய்க்கப் படுக்கவைக்கும் மரப்படுக்கை, காய்வதில்லை. நமக்கு ஆடி, கேரளாவில் பாறசாலைப் பக்கத்தில் கர்க்கடகம். மழை விட்டு விட்டுப் பெய்யும். ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டு பல நாள் நடக்காது. வேலை இல்லாத அந்த நாட்களில்தான் இங்குள்ளவர்களுக்குச் சொந்த உடம்பின் நினைப்பே வரும். 7 நாள், 14 நாள் என்று உழிச்சிலுக்கு, அதாவது எண்ணெய் மசாஜுக்கு, வந்து படுப்பார்கள். நான் களியக்காவிளையிலிருந்து தினமும் பஸ்ஸில் எல்லை தாண்டிப் போய் அவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறேன். 19 வருடமாக இதுதான் என் வேலை.

எங்கள் அம்மச்சி ஊரில் பிள்ளை பெற்ற பெண்களுக்கு எண்ணெய் தேய்த்து, மூலிகை போட்டுக் காய்ச்சிய வேது வெந்நீர் ஊற்றுவாள். அவளோடு குடம் தூக்கிக்கொண்டு போனதுதான் என் முதல் பயிற்சி. பிறகு ஒரு ஆசானிடம் தொக்கணம் என்னும் மசாஜ் முறையைப் படித்தேன். சித்த மருத்துவம் சொல்லும் 32 புற மருத்துவ முறைகளில் தொக்கணமும் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று அதில் 9 வகை. ஆசான் முதல் மூன்று மாதம் என்னை அழுத்தவே விடவில்லை. எண்ணெய் தொட்ட கையை முதுகில் வைத்து, எங்கே சதை இறுகியிருக்கிறது, எங்கே சூடு அதிகம், எங்கே தொட்டால் மூச்சைப் பிடிக்கிறார்கள் என்று சொல்லச் சொல்வார். தப்பாகச் சொன்னால் மறுபடியும் அதே முதுகுதான்.

அப்போது அது எனக்கு அலுப்பாக இருந்தது. அதன் அருமை தெரிந்தது ஒரு பெரிய தப்புக்குப் பிறகுதான்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம். அப்போது வேறொரு இடத்தில் இருந்தேன். சீட்டில் பெயர், வயது, எத்தனை நாள் சிகிச்சை, இவ்வளவுதான் எழுதியிருக்கும். அறுபது தாண்டிய ஒரு அம்மாவுக்குக் கால் குடைச்சல் என்று, மருந்துப்பொடியைத் துணியில் கட்டிச் சூடாக ஒற்றும் பொடிக்கிழி சொல்லியிருந்தார்கள். கிழியைச் சட்டியில் சூடாக்கி என் புறங்கையில் ஒற்றிப் பார்த்தேன், பொறுக்கும் சூடுதான். பாதத்தில் வைத்தபோது அந்த அம்மா, "ஒண்ணும் தெரியல்ல மோளே, இன்னும் கொஞ்சம் சூடா வை" என்றார். கேட்கிறாரே என்று சூட்டைக் கூட்டினேன், ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் பிடித்தும் வைத்தேன். மறுநாள் வந்தபோது பாதத்தில் நெல்லிக்காய் அளவுக்குக் கொப்புளம். பல வருடமாகச் சுகர் உள்ளவர். பாதத்தில் உணர்ச்சியே போய்விட்டிருந்தது. சூடு தெரியாததால்தான் சூடு கேட்டிருக்கிறார். அந்தப் புண் ஆற வாரக்கணக்கில் மருந்து வைத்துக் கட்ட வேண்டியிருந்தது. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் கையால் வந்த புண் என்பது இன்றைக்கும் மனதில் கிடக்கிறது.

அன்றிலிருந்து கேட்காமல் நான் யாரையும் தொடுவதில்லை. சுகர் உண்டா, பாதம் மரக்கிறதா, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, சமீபத்தில் ஆபரேஷன், காய்ச்சல் ஏதாவது? கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் பாதத்தில் தொட்டுப் பார்ப்பேன். தெரியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லிவிடுவேன், அந்தக் காலுக்குக் கிழி கிடையாது. ஒருமுறை ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம் படுக்கையில் கிடந்த ஒரு அக்கா வந்தார். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, தொட்டால் சூடாக இருந்தது. "நல்லாப் பிடிச்சு விடு பிள்ளே, வீக்கம் வடியட்டும்" என்றார். நான் கையை எடுத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தபோது உள் இரத்தக்குழாயில் இரத்தக்கட்டி இருந்தது. அதை அழுத்திப் பிசைந்தால் கட்டி உடைந்து நுரையீரலுக்குப் போகலாம், உயிருக்கே ஆபத்து. வீங்கிய கால் எல்லாமே பிடித்துவிட வேண்டிய கால் என்று நினைப்பவர்கள் எங்கள் தொழிலிலேயே உண்டு. அதனால்தான் இதை இவ்வளவு விரித்துச் சொல்கிறேன்.

இந்தக் கேள்விகளுக்கும் முன்னால் நான் கேட்பது, "என்ன வேலைக்குப் போறீங்க?" வலி எங்கே என்று பிறகுதான்.

கருங்கல், மார்த்தாண்டம் சுற்றுவட்டாரத்தில் அண்டியாபீஸ் என்றால் எல்லாருக்கும் தெரியும், முந்திரி ஆலை. அங்கே தரையில் குந்தி உட்கார்ந்து, தலையைக் குனிந்து, நாள் முழுக்க முந்திரிக்கொட்டையின் தோட்டை, அதாவது ஓட்டை, உடைக்கும் பெண்கள் நெற்றிப்பொட்டு வலி என்று வருவார்கள். கண்ணாடி மாற்றியிருப்பார்கள், தைலம் தேய்த்திருப்பார்கள். தோளிலிருந்து கழுத்துக்கு ஏறும் தசையை இரண்டு விரலால் கவ்விப் பிடித்தால், "அய்யோ, அதேதான், இங்கே வருது" என்று பொட்டைத் தொட்டுக் காட்டுவார்கள். தசை ஓரிடத்தில் இறுகி வேறிடத்தில் வலிப்பதை ஜேனட் டிராவெல் என்ற அமெரிக்க மருத்துவர் தசை தசையாகப் படம் வரைந்து வைத்திருக்கிறார். 1961-ல் அதிபர் கென்னடிக்கு வெள்ளை மாளிகை மருத்துவராக இருந்தவர் அவர். எங்கள் பிசியோதெரபிஸ்ட் அந்தப் படங்களைக் காட்டியபோது, நான் அண்டியாபீஸ் பெண்களிடம் கையால் கண்டது அங்கே கோடாகக் கிடந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பால்வெட்டுக்குப் போகிறவர்களின் உடம்பு வேறு மாதிரி. விடியுமுன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக நடந்து, மரத்தில் வெட்டு கீழே இறங்க இறங்க அவர்களும் குனிய வேண்டும். கத்தி பிடிக்கும் முழங்கை ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம். இடுப்பில் மட்டும் எண்ணெய் தேய்த்தால் அன்றைக்குச் சுகமாக இருக்கும், அடுத்த வாரம் திரும்ப வருவார்கள். தொடையின் பின்தசை, பிட்டம், தோள் என்று முழு உடம்பையும் பார்த்தால்தான் கொஞ்ச நாள் நிற்கும். அதோடு நானே தரையில் படுத்து இரண்டு பயிற்சி செய்து காட்டி அனுப்புவேன். நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் மசாஜும் உண்டு, உடற்பயிற்சியும் உண்டு. தேய்த்துவிடுவது வலியைத் தணித்து அசைய ஒரு வழி திறந்துவிடும். அந்த வழியில் நடக்க வேண்டியவர் அவர்தான்.

உழிச்சில் உடம்பிலுள்ள விஷத்தையெல்லாம் வெளியேற்றும் என்று விளம்பரப் பலகைகளில் எழுதுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவே இல்லை. கழிவை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் செய்கின்றன. என் கையால் ஆவது இறுக்கம் தளர்வது, வலி குறைவது, பதற்றம் அடங்குவது, அன்று இரவு நன்றாகத் தூங்குவது. தோணியில் படுத்த அரை மணிக்குள் மூச்சு நீண்டு குறட்டை விடும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் அவர்களை யாரும் அப்படிப் படுக்க விடுவதில்லை. இவ்வளவு நல்லது இருக்கும்போது பொய் எதற்கு?

போன கர்க்கடகத்தில் குலசேகரம் பக்கமிருந்து வழக்கமாக வரும் பால்வெட்டு அக்கா, மாமியாரையும் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். முப்பது வருடம் அண்டியாபீஸில் இருந்த அம்மா, முந்திரித் தோட்டு எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. நான் சீட்டை எடுத்து முதல் கேள்வி கேட்குமுன் அக்காவே முந்திக்கொண்டார்.

"இவங்களுக்குச் சுகர் உண்டு பிள்ளே, வலது பாதம் மரத்துப் போச்சு. சூடு வேணும்னு கேப்பாங்க. நீ குடுக்காதே."

நான் பஞ்சை எடுத்துக்கொண்டு அந்த அம்மாவின் காலடியில் உட்கார்ந்தேன்.