சம்பளச் சீட்டில் யூனியன் காசு

மட்டக்களப்பிலிருந்து கனடாவுக்கு வரும் பிள்ளைகள் முதல் சம்பளச் சீட்டைக் கண்டதும் எனக்குப் போன் எடுத்துக் கேட்பது இதைத்தான்: "மாமா, நான் ஒரு சங்கத்திலயும் சேரல்ல. ஏன் யூனியன் காசு வெட்டியிருக்கிறாங்க?"

இந்தமுறை லீவில் ஆரையம்பதிக்குப் போனபோதும் அதே பேச்சு. அக்காவின் மகன் ஒன்ராறியோவுக்கு வரப்போகிறான். "மனே, சங்கம் கிங்கம் எண்டு போயிராத" என்று அக்கா அவனுக்கு இப்போதே சொல்லிவைத்திருக்கிறா. அவவின் பயத்துக்குக் காரணம் உண்டு. எங்கள் பெரியப்பா அரச அலுவலகத்தில் இலிகிதராக இருந்தவர். 1980 ஜூலையில் மாதம் 300 ரூபாய் சம்பள உயர்வு கேட்டு நாடு முழுக்க நடந்த வேலைநிறுத்தத்தில் நின்றார். ஜே.ஆர். ஜெயவர்தன அரசாங்கம் பல்லாயிரம் பேரை ஒரேயடியாக வேலையை விட்டு நிறுத்தியது. அவரும் அதில் போனார். அதன்பிறகு வயலை நம்பித்தான் அந்தக் குடும்பம் சீவித்தது.

கனடாவில் கதை வேறு. 1945இல் வின்ட்சர் நகரத்து ஃபோர்ட் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குத் தீர்வு சொன்ன நீதிபதி ஐவன் ராண்ட் 1946இல் ஒரு வழி வகுத்தார். சங்கம் பேசி வாங்குவது எல்லாருக்கும் கிடைப்பதால், சேராதவரும் சந்தா கட்டவேண்டும். அந்தக் காசைத்தான் சீட்டில் வெட்டுகிறார்கள். வருமான வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம். சங்கமும் கம்பனியும் செய்த ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது வேலைநிறுத்தம் செய்யச் சட்டம் விடாது.

புதிதாக வருகிறவனுக்கு உறைக்கப்போவது சந்தா இல்லை, சீனியோரிட்டிதான், அதாவது முதலில் வந்தவருக்கே முதலிடம். நான் வேலைசெய்யும் உணவு பொதிசெய்யும் ஆலையில் சாப்பாட்டு அறைச் சுவரில் ஷிப்ட் தாளை ஒட்டுவார்கள். வருடக்கணக்காக நிற்பவர்கள் முதலில் பெயர் எழுதுவார்கள். எங்கள் முறை வரும்போது சனி, ஞாயிறு இரவுகள்தான் மிஞ்சியிருக்கும். ஆட்குறைப்பு வந்தாலும் கடைசியாக வந்தவர்தான் முதலில் வீட்டுக்குப் போகவேண்டும். சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு இரவு வேலைக்குப் போகும் ஒரு தாய்க்கு இது நியாயமே இல்லை. எனக்கு இன்றைக்கும் இதில் உடன்பாடில்லை.

ஆனால் இந்த ஆலைக்கு வருவதற்கு முன்னர் ஏஜென்சி மூலம் யூனியன் இல்லாத இடத்திலும் வேலை செய்திருக்கிறேன். அங்கே சுப்பர்வைசரோடு சிரித்துப் பேசுகிறவருக்குத்தான் ஓவர்டைம். "நாளைக்கு வரவேண்டாம்" என்றால் ஏன் என்று கேட்க ஆளில்லை.

இங்கே எங்களோடு செங்கலடிப் பக்கத்து அக்கா ஒருவர் வேலை செய்கிறார். பெட்டி தூக்கித் தூக்கி அவருக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. வேலை மெதுவாக நடக்கிறது என்று சொல்லி எச்சரிக்கைக் கடிதம் கொடுக்க அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அவருக்கு இங்கிலீஷ் வராது. ஸ்ரூவர்ட், அதாவது எங்களுக்காகப் பேசும் சங்கப் பிரதிநிதி, பக்கத்தில் வந்து இருந்தார். மொழிபெயர்க்க என்னையும் கூப்பிட்டார்கள். டொக்டரின் துண்டைக் காட்டி, அன்றைக்கே முறைப்பாடு எழுதிக் கையெழுத்து வைத்தோம். கடிதம் வாபஸ். அக்கா லேபல் ஒட்டும் லைனுக்கு மாறினார். அந்த ஒன்றுக்காகவே நான் சந்தா கட்டுவேன்.

எங்கள் ஆட்களில் எனக்கு ஒரு குறை உண்டு. சங்கக் கூட்டம் ஞாயிறு காலையில் நடக்கும், எங்கள் ஆட்களைக் காணக் கிடைக்காது. புது ஒப்பந்தத்தில் எதைக் கேட்பது என்று முடிவாவது அங்கேதான். இரவு ஷிப்டில் நிற்கிறவர்கள் அங்கே வாய் திறக்காவிட்டால் ஷிப்ட் தாள் அப்படியேதான் இருக்கும்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மருமகள், "இஞ்சயும் அப்படிச் செய்யலாமா மாமா?" என்றாள். அவள் கார்மென்ட்டில் வேலை செய்கிறாள். இலங்கையில் சங்கம் பதிய 7 பேர் போதும், 1935ஆம் ஆண்டுச் சட்டம். வேலைத்தலத்தில் 40 வீதமானோர் சேர்ந்தால் முதலாளி பேச மறுக்கக்கூடாது, சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலையை விட்டு நிறுத்தவும் கூடாது. இது 1999இல் வந்த திருத்தம். ஒன்ராறியோவிலும் 40 வீதம் பேர் கையெழுத்து வைத்தால்தான் சங்கம் வேண்டுமா என்ற வாக்கெடுப்பு.

"பேர் தெரிஞ்சா நிப்பாட்டிருவாங்க" என்றாள். பெரியப்பாவின் கதை தெரிந்த வீட்டில் அதை வீண்பயம் என்று சொல்ல மாட்டேன். ஆட்களைச் சேர்க்கும்வரை ஃபக்டரி கேட்டுக்கு வெளியே வைத்தே பேசுங்கள், ஏழு பேரோடு நின்றுவிடாதீர்கள் என்றேன். அக்கா எதுவும் சொல்லாவிட்டாலும், எழும்பிப் போகவுமில்லை.