அனுனாகியும் அம்மாயியும், நடுவில் ஒரு மலையும்

என் மருமகன், அக்கா மகன், கொழும்பில் ஒரு போன் கடையில் நிற்கிறான். ஆள் தங்கம். ஆனால் ரெண்டு வருஷமாக யூடியூப்பில் எதை எதையோ பார்த்து, மண்டை முழுக்க வேற்றுக்கிரகவாசிகளை ஏற்றிக்கொண்டு திரிகிறான். தீபாவளிக்கு வந்தவன், அம்மாயி விளக்கேற்றிக் கும்பிடும்போது பக்கத்தில் நின்று, "இவங்க எல்லாம் சாமி இல்ல அம்மாயி, மேல இருந்து வந்த ஆளுங்க" என்றான். அம்மாயிக்குக் காது கொஞ்சம் மந்தம். "ஆமாய்யா, மேல இருந்துதான் வந்தாங்க" என்று அவன் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார்.

அவனேதான் மாசி மாசம் போன் எடுத்து, "மாமா, சிவனொளிபாத மலைக்குப் போவமா?" என்று கேட்டான். பக்தியில் கேட்டானா, உச்சிப் பாறையில் இருக்கிற அந்தப் பெரிய காலடியைப் பார்க்கக் கேட்டானா என்று நான் விசாரிக்கவில்லை. நான் ஏழு தடவை ஏறியவன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்ற பிறகு முட்டி ரெண்டும் தனித்தனியாகப் பேச ஆரம்பித்துவிட்டன, அதனால் எட்டாவது தடவை இனி நடக்காது என்றுதான் இருந்தேன். கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா. ஒரு கிழமை மச்சம் மாமிசம் சேர்க்காமல் இருந்தேன், அவனையும் இருக்கச் சொன்னேன். கொழும்பில் இருந்தானா இல்லையா என்பது அவனுக்கும் சிவனுக்கும் உள்ள கணக்கு.

பௌர்ணமிப் போயா இல்லாத ஒரு வார நாளாகப் பார்த்து ஹட்டனில் சந்தித்தோம். மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் பஸ். பஸ்ஸிலேயே பாடம் தொடங்கிவிட்டது. 1968இல் எரிக் வான் டேனிக்கன் என்ற சுவிஸ்காரர், பழைய காலத்துத் தெய்வங்கள் எல்லாம் விண்வெளியிலிருந்து வந்தவர்கள் என்று எழுதினார். 1976இல் செக்கரியா சிட்சின் என்பவர் இன்னும் ஒரு படி மேலே போய், 3,600 வருஷத்துக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றும் நிபிரு என்ற கிரகத்திலிருந்து அனுனாகிகள் என்ற வேற்றுக்கிரகவாசிகள் இறங்கினார்கள், தங்கம் தோண்ட ஆள் தேவைப்பட்டதால் மனுஷனை உண்டாக்கினார்கள் என்றார். இதையெல்லாம் மருமகன் ஏதோ நேற்றுப் பத்திரிகையில் வந்த செய்தி மாதிரி சொன்னான். முன் சீட்டில் இருந்த அம்மா ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

ராத்திரி பன்னிரண்டரைக்கு ஏறத் தொடங்கினோம். ஐயாயிரத்துக்கு மேல் படி. கீழே பார்த்தால் இருட்டு, மேலே பார்த்தால் விளக்கு மாலை மாதிரி வளைந்து வளைந்து போகிற பாதை, அதன் நுனி வானத்தில் எங்கே முடிகிறது என்று தெரியாது, நட்சத்திரத்துக்கும் பல்புக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கக் கஷ்டம். ஜப்பான் பிக்குகள் கட்டிய வெள்ளைத் தாதுகோபத்தைத் தாண்டி சீதகங்குலை ஓடையில் முகம் கழுவினோம். தண்ணீரா அது, ஊசி.

சீதை பெயரைக் கேட்டதும் பையன் ராவணனைப் பிடித்துக்கொண்டான். புஷ்பக விமானம், சுரங்கப் பாதை எல்லாம் வந்தது. இதில் அவனை மட்டும் குறை சொல்ல முடியாது. 2019இல் இந்த நாடு விண்ணுக்கு அனுப்பிய முதல் செய்மதிக்கே ராவணா-1 என்றுதான் பெயர். மறு வருஷம், ராவணனின் பறக்கும் கலை பற்றிய ஏடு, ஆவணம் யாரிடமாவது இருந்தால் தரச் சொல்லிப் பத்திரிகையில் அரசாங்க விளம்பரமே வந்தது. நுவரெலியா சீதா எலியாவில் ஆற்றோரப் பாறையில் அனுமார் பாதம் என்று கும்பிடுகிறோமே அந்தக் குழிகள், அவை விமானம் இறங்கின இடமாம். ஓடுகிற தண்ணீரில் கூழாங்கல் சுழன்று சுழன்று பாறையில் குழி விழும் என்று முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன் நான். ஆனாலும் அங்கே போகும்போதெல்லாம் குனிந்து, அந்தக் குழியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன். இது ரெண்டும் எனக்குள் இத்தனை வருஷமாக ஒரே லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பக்கத்துப் பக்கத்து வீடாகத்தான் இருக்கின்றன, ஒருநாளும் சண்டை வந்ததில்லை. மருமகனின் விமானம்தான் ரெண்டு வீட்டுக் கூரையையும் பிய்க்கப் பார்க்கிறது.

பாதி வழியில் ஒரு கடையில் இஞ்சி போட்ட தேத்தண்ணி. அங்கே வைத்து நான் வாயைத் திறந்தேன். சிட்சின் எந்தக் கதையை எடுத்தாண்டாரோ அந்தக் கதை உண்மையிலேயே இருக்கிறது, ஈராக் பக்கம் ஏறத்தாழ 3,600 வருஷத்துக்கு முன்னால் களிமண் பலகையில் எழுதி வைத்தது. அத்ரகாசிஸ் என்பவரின் கதை. அதில் பெரிய தெய்வங்கள் உட்கார்ந்திருக்கின்றன, சின்னத் தெய்வங்கள் மண் வெட்டிக் கால்வாய் தோண்டுகின்றன. வருஷக்கணக்கில் தோண்டி முதுகு ஒடிந்ததும் ஒருநாள் மண்வெட்டி, கூடை எல்லாவற்றையும் போட்டுக் கொளுத்திவிட்டு, நடு ராத்திரியில் என்லில் என்ற பெரிய தெய்வத்தின் வாசலைச் சுற்றி வளைத்துக்கொண்டன.

"ஸ்ட்ரைக்கா மாமா?"

"ஸ்ட்ரைக்தான். துரை பங்களாவை வளைச்ச மாதிரி."

அப்புறம் பேச்சுவார்த்தை. ஒரு தெய்வத்தைக் கொன்று அதன் சதையும் ரத்தமும் களிமண்ணில் பிசைந்து மனுஷனைச் செய்து, அந்தக் கூடையை அவன் தலையில் தூக்கி வைத்தார்கள். மனுஷன் பெருகினான், சத்தம் போட்டான், என்லிலுக்குத் தூக்கம் வரவில்லை. நோயை அனுப்பினார், பஞ்சத்தை அனுப்பினார், கடைசியில் வெள்ளத்தை அனுப்பினார். இதுதான் கதை. சிட்சின் கால்வாயைத் தங்கச் சுரங்கமாக மாற்றினார், தெய்வங்களை ராக்கெட்டில் ஏற்றினார், அவ்வளவுதான். அந்த மொழி படித்த அறிஞர்கள் அவர் மொழிபெயர்ப்பை ஏற்றுக்கொண்டதில்லை.

"யோசிச்சுப் பாருடா" என்றேன். "ஒரு கூட்டம் தூரத்தில இருந்து வருது. மலையைத் தோண்டணும், ஆள் வேணும். வேலைக்குன்னே ஒரு சாதியை உண்டாக்கி வரிசையா குடி வைக்குது. இது நிபிரு கதையா, எங்க பூட்டன் கதையா? கோப்பித் தோட்டத்துக்காரன் எங்களைப் பத்தி நினைச்சதும் இதேதான், வேலைக்குன்னு பிறந்த கூட்டம்னு. அவன் சொன்னப்ப கோவம் வந்திச்சு. அனுனாகி சொன்னா மட்டும் எப்பிடி உனக்கு இனிக்குது?"

அவன் தேத்தண்ணியை ஊதிக்கொண்டே இருந்தான். கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேனோ என்று இருந்தது. கடைக்காரப் பையன் இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு ரொட்டியைக் காசு வாங்காமல் தந்தான், யாருக்கு ஆதரவாக என்று தெரியவில்லை.

கெத்தம்பானையில் நூல் கட்டினோம். புத்தர் தம் கிழிந்த காவியை இங்கே உட்கார்ந்து தைத்தார் என்று சிங்களச் சனங்கள் நம்புகிறார்கள். வெள்ளை உடுத்த ஆச்சிகள் ஊசியில் நூல் கோத்து, கைப்பிடியில் கட்டி, அதை இழுத்துக்கொண்டே ஏறுகிறார்கள். அதற்கு மேல் படி செங்குத்து. எனக்கு முன்னால் ஏறிய ஒரு ஆச்சிக்கு எண்பது வயசாவது இருக்கும், நாலு படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். நான் கை கொடுத்தேன். உண்மையைச் சொன்னால் யார் யாரைத் தூக்கினோம் என்று தெரியாது, என் முட்டியும் அவர் கையைப் பிடித்துத்தான் ஏறியது. அவர் பாடிய கவி எனக்கு அரைகுறையாகத்தான் விளங்கியது, நான் முணுமுணுத்த சிவபுராணம் அவருக்கு அதுவும் விளங்கியிருக்காது.

உச்சி 2,243 மீட்டர். குளிர் எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பாதம் துணிக்கும் பூவுக்கும் அடியில் இருக்கிறது, வரிசையில் நகர்ந்து குனிந்து தலையை வைத்தால் ஒரு நொடி, பின்னால் இருப்பவர் வந்துவிடுவார். அந்த ஒரு நொடிக்காகத்தான் இத்தனை படியும். நான் எதையும் கேட்கவில்லை, கேட்பதற்கு நிறைய இருந்தும் அந்த நேரத்தில் ஒன்றும் ஞாபகம் வரவில்லை, கண்ணில் தண்ணீர் மட்டும் வந்தது. எட்டு தடவை மணி அடித்தேன். எத்தனையாவது தடவையோ அத்தனை அடிக்க வேண்டும். மருமகன் ஒன்று.

விடியக் காத்திருந்தபோது அவன் மெதுவாக, "இவ்வளவு பெரிய பாதம்னா ஆள் எவ்வளவு உயரம் மாமா?" என்றான். சரி, கணக்குத்தானே. பாதம் அஞ்சரை அடி என்றால் ஆள் முப்பத்தாறு அடிக்குக் கிட்ட, நம்மைப் போல ஆறு மடங்கு. உயரம் ஆறு மடங்கானால் எடையைத் தாங்கும் எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்பு 36 மடங்கு, எடையோ 216 மடங்கு. என் 74 கிலோவுக்கே இந்த முட்டி தாங்கவில்லை. பூமியில் நடந்த எந்த மனுஷனுக்கும் அந்தக் கால் இருந்திருக்க முடியாது, அதனால்தானே அது சாமி கால்! 1344இல் இபின் பதூதா என்ற பயணி இங்கே ஏறியபோது பாதம் பதினொரு சாண் நீளம் என்று எழுதியிருக்கிறார். பெருவிரல் பகுதியைச் சீனர்கள் எப்போதோ வெட்டிக்கொண்டு போய்த் தங்கள் கோயிலில் வைத்தார்களாம், அதையும் எழுதியிருக்கிறார். முஸ்லிம்களுக்கு இது பாவா ஆதம் மலை, சுவர்க்கத்திலிருந்து இறங்கிய முதல் மனுஷனின் கால் பட்ட இடம். கிறிஸ்தவர்களில் சிலர் புனித தோமா என்கிறார்கள். நமக்குச் சிவன், சிங்களவர்களுக்குப் புத்தர்.

முதல் மனுஷனைத் தேடுகிறவனுக்கு இந்த மலையடிவாரமே போதும். குருவிட்டைப் பக்கம் பட்டதொம்பலென, கித்துல்கலைக்குக் கிட்ட பெலிலென, அந்தக் குகைகளில் முப்பதாயிரம் வருஷத்துக்குக் குறையாமல் ஆள் இருந்திருக்கிறார்கள். பாஹியன் குகையில் இன்னும் முன்னால், 48,000 வருஷத்துக்குக் கிட்ட, எலும்பில் செய்த அம்பு முனை கிடைத்திருக்கிறது. பலாங்கொடை மனிதன் என்பது இவர்களைத்தான். ஆள் அஞ்சே முக்கால் அடிக்குப் பக்கம், ராட்சசன் கிடையாது. குரங்கும் அணிலும் வேட்டையாடி, நத்தை பொறுக்கி, கெக்குன என்ற காட்டுமரக் கொட்டை உடைத்துத் தின்று, பளிங்குக் கல்லில் விரல் நகம் அளவுக்குக் கருவி செய்து பிழைத்தவர்கள். அவர்களுக்கும் முன்னால் என்று போனால் ஆப்பிரிக்கா, மொரோக்கோவில் மூன்று லட்சம் வருஷத்து எலும்புகள். மருமகன் கொழும்பிலிருந்து வந்த பஸ் பெலிலெனவுக்குப் பக்கத்தில்தான் வந்தது, அவன் அப்போது போனில் அனுனாகி பார்த்துக்கொண்டு வந்திருக்கிறான்!

சூரியன் வந்தது. "அரோகரா" ஒரு பக்கம், "சாது சாது" இன்னொரு பக்கம். மேற்கே மலையின் நிழல் முக்கோணமாக மேகத்தின் மேல் விழுந்து கிடந்தது, கொஞ்ச நேரத்தில் சுருங்கிப் போனது. எட்டு தடவையில் நாலு தடவைதான் எனக்கு அது கிடைத்திருக்கிறது.

இறங்குவதைப் பற்றி எழுதப் போவதில்லை. முட்டிக்கு அது ஏறுவதைவிடக் கொடுமை. வழியில் ஒரு இடத்தில் உட்கார்ந்திருந்தபோது பையன் கேட்டான், "அப்ப நம்ம சாமி எல்லாம் எப்பிடித்தான் மாமா இங்க வந்திச்சு?"

நடந்துதான். தோட்ட வேலைக்கென்று தமிழ்நாட்டிலிருந்து வந்து மன்னாரில் இறங்கி, காட்டுப் பாதையில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் பல பேரைப் புதைத்துவிட்டு மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள், ஊர்க் கோயில் பிடிமண்ணை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார்கள். மாரியம்மன் அப்படித்தான் வந்தாள், மாடசாமியும் முனியாண்டியும் அப்படித்தான். இங்கே வந்த பிறகு பிறந்த சாமிகளும் உண்டு. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி படாமல் காக்க கவ்வாத்துச்சாமி. ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், ரோதைச் சக்கரம் சுற்றும்போது கை போகாமல் காக்க ரோதமுனி. என் அப்பா ஸ்டோரில் வேலை செய்தவர், ரோதமுனிக்குக் கற்பூரம் காட்டாமல் மெஷினில் கை வைக்கமாட்டார். 1867இல்தான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை போட்டார், ஆக ரோதமுனிக்கு அதைவிட ரொம்ப வயசு இருக்காது என்றுதான் நினைக்கிறேன். அதனால் அந்தச் சாமி எனக்குக் கொஞ்சமும் குறைவாகத் தெரிந்ததில்லை.

திரும்பும் பஸ்ஸில் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் வந்தது. மழை இல்லாமல் தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது, சேற்றுக்கு நடுவில் பழைய கோயில் தலை நீட்டிக்கொண்டு நின்றது. தூங்கிக்கொண்டிருந்த மருமகன் துள்ளி எழுந்து ஜன்னலால் படம் எடுத்தான். "மாமா, தண்ணிக்குள்ள கோயில்! குமரிக்கண்டம் மாதிரி இல்ல?" 1960களில் மின்சாரத்துக்காக அணை கட்டியபோது மூழ்கிய பழைய மஸ்கெலியா டவுன் அது. நான் ஒன்றும் சொல்லவில்லை, களைப்பு.

வீட்டுக்கு வந்து அம்மாயியிடம் அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். அவர் போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, "இங்கதான்யா எனக்குக் காது குத்தினாங்க" என்றார்.