75 திராக்மா

ஏப்ரல் 8, செவ்வாய்

நாலு மணிக்கு இடி, ஐந்தரைக்கு வெயில். வெள்ளிக்கிழமை வெட்டவெளியில் ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகம். அன்றும் இதே கூத்து என்றால் புல்தரை எட்டரைக்குள் காயாது.

ஏப்ரல் 9, புதன்

கோலாலம்பூர் ஏரிப் பூங்காவில் மேடை எழும்பிவிட்டது. ப்ளைவுட் படிகள், சலவைக்கல் தோற்றத்துக்கு வெள்ளைப் பெயின்ட். கடைசிப் பூச்சில் மணல் கலந்திருக்கிறார்களா என்று தடவிப் பார்த்தேன். சொரசொரப்பு இருக்கிறது, நல்லது. வழவழப்பாக விட்டால் ஒரு தூறலுக்கே செனட்டர்கள் வரிசையாகச் சறுக்குவார்கள்.

மைக்கை மார்புத் துணியில் குத்தியிருந்தார்கள். அந்த மேலாடை கையசைவுக்கெல்லாம் உரசும், ஸ்பீக்கரில் சரசரப்புதான் வரும். நெற்றி முடியோரம் ஒட்டுவதே மேல். அங்கே வேர்வைதான் எதிரி. ஒரு சொட்டு போய் அடைத்தாலும் குரல் மங்கிவிடும். இடுப்பில் கட்டும் டிரான்ஸ்மிட்டருக்கு எண்ணெய்ப்பசை இல்லாத ஆணுறைதான் இன்றைக்கும் மலிவான மழைக்கோட்டு.

சீசர் விழுந்ததும் அவர் மைக்கை அடைத்துவிடு என்று ஒலித் தம்பியிடம் சொன்னேன். செத்த பிறகு அதே காட்சியில் 200 வரிக்கு மேல் கிடக்கணும். பிணம் மூச்சு வாங்குவது கேட்டால் போச்சு. "கொசு கடிச்சா என்ன செய்யிறதுண்ணே?" என்றான் சீசராக நடிக்கும் பையன். 'செராய் வாங்கி' என்கிற கொசுவிரட்டி எண்ணெய்தான், வேறென்ன.

ஏப்ரல் 10, வியாழன்

சீசரின் உயில் நினைப்பாகவே இருக்கிறது.

கொலைக்குப் பிறகு சீசரின் நண்பன் ஆண்டனி அதை ஜனங்களிடம் எடுத்துக் காட்டுகிறான், வாசிக்க மாட்டேன் என்கிறான். மேடையை விட்டு இறங்குகிறான். சீசரின் மேலாடையை விரித்து, இது காஷியஸ் குத்தியது, இது காஸ்கா, இது புரூட்டஸ் என்று ஓட்டை ஓட்டையாகக் காட்டுகிறான். குத்தும்போது இவன் அங்கே இல்லவே இல்லை, சதிகாரர்களில் ஒருவனான டிரெபோனியஸ் முன்கூட்டியே வெளியே அழைத்துப் போய்விட்டான். நெர்வி குலத்தாரை வென்ற மாலையில் சீசர் முதன்முதலாகப் போட்ட ஆடை என்கிறானே, அந்தப் போர் கி.மு. 57இல். ஆண்டனி சீசரிடம் போய்ச் சேர்ந்தது கி.மு. 54இல். கூட்டத்தில் ஒருத்தர் கேட்கவில்லை. பிறகு உடலைக் காட்டுகிறான். ஜனங்கள் கொலைகாரர்களின் வீட்டைக் கொளுத்தக் கிளம்பியாயிற்று. அப்புறம்தான் "உயிலை மறந்துட்டீங்களே" என்று திருப்பிக் கூப்பிடுகிறான்.

இந்த வரிசை குலையக் கூடாது. நேரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று உயிலை முன்னால் நகர்த்தினால் காசுக்காக நடந்த கலவரமாகிவிடும். கோபத்தில் கிளம்பியவனை நிறுத்தி, கையில் காசையும் திணித்து அனுப்புவது வேறு.

உயிலில் ரோமானியர் ஆளுக்கு 75 திராக்மா. ரோம வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் 300 செஸ்டர்ஸ் என்பார், கணக்கு ஒன்றுதான். படைவீரனுக்கு அப்போது வருடத்துக்கு 225 டெனாரி சம்பளம். திராக்மாவும் டெனாரியும் ஏறத்தாழ ஒரே மதிப்பு. ஆக, நாலு மாதச் சம்பளம் சும்மா கிடைக்கிறது.

நான்காம் அங்கம் தொடங்கிப் பத்து வரி தாண்டவில்லை, அதே ஆண்டனி அதே உயிலைக் கொண்டுவரச் சொல்லி கூட்டாளி லெப்பிடஸை அனுப்புகிறான், கொடுக்க வேண்டியதில் எதைக் குறைக்கலாம் என்று பார்க்க. இந்த வரிக்காகத்தான் எல்லா இரவுக்கும் டிக்கெட் எடுத்தது. வெட்டியிருக்கிறார்களா? கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

நிஜத்திலும் ஆண்டனி அந்தப் பணத்தைக் கொடுக்கவில்லை. சீசரின் வாரிசு ஆக்டேவியஸ்தான் சொத்தை விற்றுக் கொடுத்தான்.

ஏப்ரல் 11, வெள்ளி

இஷா பாங்கு முடியட்டும் என்று 8.45க்குத் தொடங்கினார்கள். முதல் அங்கத்துப் புயலுக்குத் தகரத் தகட்டை ஆட்ட, பங்சார் பக்கம் நிஜமாகவே இடித்தது. கைதட்டல். நான் விநாடியை எண்ணிக்கொண்டிருந்தேன்: மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30க்குக் குறைந்தால் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. விளக்குத் தூண்கள் எல்லாம் இரும்பு.

கவிஞன் சின்னாவை, அதே பேருள்ள சதிகாரன் என்று ஆள் மாற்றி ஜனங்கள் அடித்துக் கொன்றார்கள், இடைவேளை விட்டார்கள், மழை கொட்டியது. கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் பார்ப்பது விதி. ஒவ்வொரு இடிக்கும் மறுபடி பூச்சியத்திலிருந்து. ஜெனரேட்டரை நிறுத்திவிட்டார்கள்.

நான்காம் அங்கம் இல்லை.

ஏப்ரல் 12, சனி

மழை இல்லை. கோலாலம்பூர்ப் புழுக்கம் முழுசாக இருந்தது. ரத்தத்தில் தெரிந்தது. குளுக்கோஸ் பாகு, சிவப்புச் சாயம், நிறம் கனக்கக் கொஞ்சம் கொக்கோ, துணியில் கறை போகப் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு. ஏர்கோன் ஹாலில் ஓரளவாவது இறுகும். இங்கே இறுகவே இல்லை. முழங்கை வரை ரத்தத்தில் நனைப்போம் என்று புரூட்டஸ் சொன்னபடி எல்லோரும் நனைத்தார்கள், காஸ்காவின் கத்தி பிடி நழுவி முன்வரிசைப் பாய்க்குப் போய்விட்டது. ரப்பர் கத்தி, பரவாயில்லை. பிடியில் துணி நாடா சுற்றியிருக்கணும். ஆண்டனி ஒவ்வொருவர் கையாகப் பிடித்துக் குலுக்கியபோது விரல்கள் ஒட்டி இழுபட்டன. அது மட்டும் தற்செயலாக அமைந்த அழகு.

புல்லில் உட்கார்ந்திருந்த துணை நடிகர்கள் "உயிலை வாசி!" என்று கத்த, அவர்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு பாட்டியும் சேர்ந்து கத்தினார்.

வரி இருந்தது! வெட்டவில்லை. ஆனால் எவர் காதிலும் விழவில்லை. இடைவேளைக்குப் போனவர்கள் டாப்பாவ் (பார்சல்) பொட்டலமும் கையுமாகப் பாய் தேடிக்கொண்டிருந்தார்கள், பிளாஸ்டிக் பை சலசலப்பு. மூடின அரங்கத்தில் கதவைச் சாத்தி விளக்கை அணைத்தால் கூட்டம் அடங்கும். வெட்டவெளியில் ஐந்து நிமிடமாவது பிடிக்கும், அந்த ஐந்து நிமிடத்துக்குள்தான் ஆண்டனி தன் குட்டைத் தானே உடைக்கிறான்.

அந்தக் காட்சி ஏறக்குறைய 50 வரிதான். அதை முடித்துவிட்டு இடைவேளை விட்டால் என்ன? பிறகு வருவது புரூட்டஸ், காஷியஸ் சண்டை. அது நீளம், கொஞ்சம் தவறினாலும் பிடித்துக்கொள்ளலாம். இயக்குநருக்கு எழுதி அனுப்பினேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

பதில் வந்தது. "சரிண்ணே, இடைவேளையைத் தள்ளியாச்சு. முதல் பாதி நீண்டுடுது, அதனால சின்னா காட்சியை எடுத்துட்டோம்."

எடுத்துட்டோமாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்படித்தான் வெட்டிக்கொண்டிருந்தார்கள். 1937இல் நியூயார்க்கில் ஆர்சன் வெல்ஸ் நவீன உடையில் போட்டபோது பார்த்தவர்கள் உறைந்துபோனதே அந்தச் சின்னா காட்சியில்தான். உயில் கேட்ட கூட்டம் அடுத்து என்ன செய்தது என்பதைக் காட்டாமல், உயிலைக் குறைப்பதை மட்டும் காட்டினால் ஜனங்கள் ஏமாந்த அப்பாவிகள் ஆகிவிடுகிறார்கள். குறைக்க வேண்டுமென்றால் சகுனங்களைக் குறைக்கட்டும். சிங்கம், ஆந்தை, எரியும் கை, எத்தனை சகுனம்!

மறுபடி எழுதினேன். நீலக் குறி விழுந்துவிட்டது, பதில் இல்லை.

மணி ஆறு. தார்ப்பாய் இன்னும் ஈரம்.