பெஞ்சில் இருந்த செட்டர் போகிறாள்

எங்கள் பெண்கள் வாலிபால் அணியின் இரண்டாவது செட்டர், அதாவது அடிப்பவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள், டிரான்ஸ்பர் போர்ட்டலில் (வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற விரும்புகிறவர்களின் பட்டியல்) பெயர் கொடுத்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை மதியம் இன்ஸ்டாகிராமில் பதிவு வந்தது. கோச்சுகளுக்கு நன்றி, கூட ஆடியவர்களுக்கு நன்றி, ரசிகர்களுக்கு நன்றி, இன்னும் மூன்று சீசன் ஆடத் தகுதி இருக்கிறது. இந்தப் பதிவுகள் எல்லாமே ஒரே அச்சில் வார்த்தவைதான். மற்ற பல்கலைக்கழகக் கோச்சுகள் படிப்பது அந்தக் கடைசி வரியை மட்டும்தான்.

கொஞ்ச நேரத்தில் நண்பன் ஒருவனிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். "டேய், பெஞ்சுல உக்காந்திருந்த பொண்ணுதானடா? இதுக்குப் போய் ஏன் இவ்வளவு வருத்தம்? மெயின் செட்டர் இருக்கா இல்ல? நாலு சீனியர் போறாங்களே, அதுக்குக் கவலைப்படு."

நான்கு சீனியர்கள் போவது அவர்கள் வந்து சேர்ந்த நாளிலிருந்தே தெரிந்த கணக்கு. அதற்குக் கோச் ஆள் பார்த்து வைத்திருக்கிறார். இந்தப் பெண் போவதற்குத்தான் யாரும் ஆள் பார்த்து வைக்கவில்லை. அவனுக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வாய்ஸ் மெசேஜில் அடங்காது.

அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் வாலிபால் பற்றி அதிகம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே அது சின்ன விளையாட்டு இல்லை. 2023 ஆகஸ்ட் 30 அன்று நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் தன் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் கோர்ட் போட்டு ஒரு ஆட்டம் நடத்தியது. வந்தவர்கள் 92,003 பேர். முதல் டிவிஷனில் 300க்கும் மேற்பட்ட அணிகள் ஆடுகின்றன. டிசம்பர் டோர்னமென்ட்டுக்கு 64 அணிகள்தான் போகும். எங்கள் அணி நல்ல வருடத்தில் அந்த 64க்குள் நுழையும், இரண்டாவது சுற்றில் மூட்டை கட்டும். அந்த ரகம். எனக்கு அது போதும். வருடா வருடம் சீசன் டிக்கெட் வாங்கி எண்ட் லைனுக்குப் பின்னால் உட்காருகிறேன். பக்கவாட்டு இருக்கைதான் விலை அதிகம், ஆனால் செட்டர் என்ன நினைக்கிறாள் என்பது பின்னாலிருந்து பார்த்தால்தான் தெரியும். நானும் கல்லூரியில் லிஃப்டராக (செட்டருக்கு நம் ஊர்ப் பெயர்) ஆடியவன். அதனால் பந்து மேலே போவதற்கு முன்னால் கண் தானாகவே அந்தக் கைகளுக்குப் போய்விடும்.

சரி, பெஞ்சில் இருக்கும் செட்டருக்கு அப்படி என்ன வேலை?

எங்கள் அணி ஆடுவது 5-1. ஆட்டக்காரர்கள் இடம் சுழலும் ஆறு ரொட்டேஷனிலும் ஒரே செட்டர். இரண்டாவது செட்டருக்கு ஆட்டத்தில் வேலையே இல்லை என்றுதான் தோன்றும். இந்தப் பெண் இந்த சீசனில் உள்ளே வந்ததெல்லாம் பெரும்பாலும் சர்வீஸ் போடத்தான். வலையின் நடுவில் நின்று எதிரணி அடியைத் தடுக்கும் மிடில் பிளாக்கர் ஒருத்தியின் சர்வீஸ் முறை வரும்போது அவளை எடுத்துவிட்டு இவளை அனுப்புவார் கோச். சுழலாமல் மிதந்து போகும் ஒரு ஃப்ளோட் சர்வீஸ், முடிந்தால் இரண்டு, திரும்ப பெஞ்ச். சர்வதேச ஆட்டத்தில் ஒரு செட்டுக்கு ஆறு முறைதான் ஆள் மாற்றலாம். இங்கே பதினைந்து முறை வரை மாற்றலாம். அதனால்தான் இப்படி ஒரு சர்வீஸுக்கு மட்டும் ஆள் இறக்குவது கட்டுப்படியாகிறது.

அவளுடைய உண்மையான வேலை பயிற்சியில். வெள்ளிக்கிழமை ஆடப்போகும் எதிரணி செட்டரின் வீடியோவைப் பார்த்து, பாஸ் (செட்டரிடம் பந்தைத் தரும் முதல் தொடுதல்) சரியாக வந்தால் அவள் எங்கே தருவாள், பாஸ் விலகினால் எங்கே தருவாள், 20 புள்ளிக்கு மேல் யாரை நம்புவாள் என்று மனதில் ஏற்றிக்கொண்டு, செவ்வாயும் புதனும் வலைக்கு அந்தப் பக்கம் நின்று அவளாகவே ஆட வேண்டும். முதல் ஆறு பேரும் பிளாக் பழகுவது இவள் தூக்கிப் போடும் பந்துகளுக்கு எதிராகத்தான். சீசன் டிக்கெட்காரர்களுக்கு வைத்த ஒரு கூட்டத்தில் கோச்சே இதைச் சொன்னார்: எங்கள் பிளாக் எவ்வளவு நல்லது என்பது எங்கள் இரண்டாவது செட்டர் எவ்வளவு நன்றாக ஏமாற்றுகிறாள் என்பதைப் பொறுத்தது என்று. கேட்டவர்கள் சிரித்தார்கள். அது நகைச்சுவை இல்லை.

இன்னொன்றும் உண்டு. அக்டோபரில் உள்ளூர் ஆட்டம் ஒன்றில் மெயின் செட்டருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. முதல் செட்டை ஜெயித்திருந்தோம், இரண்டாவதில் 14-16. இவள் உள்ளே வந்தாள். முதல் பந்து இடது பக்கம் கொஞ்சம் தாழ்வாகப் போய் பிளாக்கில் அடிபட்டது. அடுத்த பந்தில் எல்லாரும் மறுபடி இடது பக்கம்தான் என்று நகர, இவள் நடுவில் பின் வரிசைக்கு ஒரு பைப் கொடுத்தாள். எதிரே பிளாக்கே இல்லை. அந்த செட் 23-25 என்று போனது, ஆனால் அடுத்த இரண்டையும் எடுத்து 3-1 என்று முடித்தோம். அடித்தவர்களுக்கு அவளுடைய பந்து புதிதில்லை. தினமும் பயிற்சியில் பாதி நேரம் அவள் கையிலிருந்துதான் அடிக்கிறார்கள். ஸ்கோர் புத்தகத்தில் அவள் பெயருக்கு எதிரே அந்த ஒரு ஆட்டத்தின் அசிஸ்ட் (அடித்துப் புள்ளியான செட்) எண்ணிக்கை மட்டும்தான் சொல்லும்படி இருக்கும்.

அவள் ஏன் போகிறாள் என்று யோசிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. முதல் வருடம் ரெட்ஷர்ட், அதாவது பயிற்சி மட்டும், ஆட்டம் இல்லை. இரண்டாவது வருடம் பெஞ்ச். மெயின் செட்டருக்கு இன்னும் ஒரு சீசன் பாக்கி. அதுவரை பொறுத்தால் அப்புறம் இரண்டு வருடம் இடம் இவளுக்கு என்பதுதான் எல்லாரும் மனதில் வைத்திருந்த கணக்கு. நவம்பரில் கோச் மூன்று பள்ளி மாணவிகளிடம் கையெழுத்து வாங்கினார். அதில் ஒருத்தி செட்டர், ஆறடி ஒரு அங்குலம். இப்போதைய மெயின் செட்டர் ஐந்தடி எட்டு. அவள் முன் வரிசைக்கு வரும்போதெல்லாம் எதிரணி அவள் தலைக்கு மேலேயே அடிக்கிறது. அந்த ஓட்டையை அடைக்க உயரமான செட்டரைக் கொண்டுவருகிறார்கள் என்றால் ஐந்தடி பத்து அங்குலம் உள்ள இந்தப் பெண்ணுக்கு விஷயம் புரியாமல் போகுமா? நான் அவள் அப்பாவாக இருந்தால் போ என்றுதான் சொல்லியிருப்பேன்.

போவதும் இப்போது எளிது. 2018 அக்டோபரில் போர்ட்டல் வருவதற்கு முன், வேறு பல்கலைக்கழகக் கோச்சோடு பேசவே இருக்கும் இடத்தின் அனுமதி வேண்டும். இப்போது எழுத்தில் ஒரு தகவல் கொடுத்தால் இரண்டு வேலை நாட்களுக்குள் பெயரை ஏற்றியாக வேண்டும். படிப்பு ஒழுங்காக இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்று 2024இல் விதியையும் தளர்த்திவிட்டார்கள். ஆனால் பெயர் கொடுத்துவிட்டால், அந்தப் பருவம் முடிந்ததும் உதவித்தொகையை நிறுத்தப் பழைய இடத்துக்கு உரிமை உண்டு. மதில் மேல் பூனையாக இருக்க முடியாது. அதைத் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

இனி மிச்சமிருப்பவர்களைப் பார்ப்போம். சீசனை 17 பேரோடு முடித்தோம். சீனியர் நான்கு பேர் (இடது பக்கம் அடிக்கும் அவுட்சைட் இருவர், ஒரு மிடில், பின் வரிசையில் மட்டும் நின்று பந்தை எடுக்கும் லிபரோ) போனால் 13. இவளும் போனால் 12. புதிதாக மூன்று பேர் வந்தால் 15. 2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் கொடுத்த, ஆட்டக்காரர்களுக்குப் பல்கலைக்கழகங்கள் வருவாயில் பங்கு தரலாம் என்ற வழக்கு உடன்பாட்டுக்குப் பிறகு, அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கு வாலிபாலில் உச்சவரம்பு 18 பேர். ஆக மூன்று இடம் காலி. முன்பு 12 முழு உதவித்தொகைதான், அதற்கு மேல் இருப்பவர்கள் சொந்தச் செலவில் படிக்க வேண்டும். இப்போது 18 பேருக்கும் பிரித்துக் கொடுக்கலாம். கொடுக்கலாம் என்பதுதான் விதி. கொடுக்கப் பணம் இருக்கிறதா என்பது வேறு கதை. உடன்பாட்டில் வந்த வருவாய்ப் பங்கில் பெரும்பகுதி அமெரிக்கக் கால்பந்துக்கும் ஆண்கள் பாஸ்கெட்பாலுக்கும் போய்விடுகிறது என்பது ஊரறிந்தது.

மிடிலில் மூன்று பேர் இருக்கிறார்கள், கவலையில்லை. வலது பக்கம் அடிக்கும் ஆப்போசிட் இருவர், போதும். லிபரோ இடத்துக்கு இரண்டாம் ஆண்டுப் பெண் தயாராக இருக்கிறாள். 2024இலிருந்து ஒரு செட்டுக்கு இரண்டு லிபரோக்களைக் குறிக்கலாம் என்பதால் பாஸுக்கு ஒருத்தி, டிஃபன்ஸுக்கு ஒருத்தி என்று ஓட்டிவிடலாம். அவுட்சைடில் அனுபவம் குறைவு. அங்கே ஒருத்தியை போர்ட்டலில் எடுப்பார்கள், எடுக்கவும் வேண்டும். அதில் பலன் உண்டு என்பதற்கு சாட்சி நிறைய. மேடிசன் ஸ்கின்னர் கென்டக்கியில் ஒரு சாம்பியன் பட்டம் வென்றுவிட்டு டெக்சஸ் போய் 2022, 2023 என்று இன்னும் இரண்டு வென்றார். மிச்சிகனிலிருந்து பென் ஸ்டேட் போன ஜெஸ் ம்ருசிக் 2024இல் கோப்பையோடு முடித்தார். இருவரும் அடிப்பவர்கள். அடிப்பவர்கள் போர்ட்டலில் கிடைப்பார்கள்.

செட்டரும் கிடைப்பாள், உள்ளே நுழைந்த அன்றே ஆடும் இடம் கொடுத்தால். ஆனால் எங்களுக்கு வேண்டியது ஒரு வருடம் சீனியருக்குப் பின்னால் காத்திருந்து, வாராவாரம் எதிரணி செட்டராக வேஷம் கட்டி, பக்கத்தில் ஆறடி ஒரு அங்குலப் பெண் வளர்வதையும் பார்த்துக்கொண்டு இருக்கும் செட்டர். ஒரு பெஞ்சை விட்டு எழுந்து வருகிறவள் இன்னொரு பெஞ்சில் உட்கார ஏன் வரப்போகிறாள்? இதுதான் நண்பனுக்கு நான் சொல்ல நினைத்தது. நட்சத்திரம் போனால் வேறு நட்சத்திரம் வரலாம். பொறுமையாகக் காத்திருக்கும் ஆளைத்தான் போர்ட்டலில் எடுக்க முடியாது. மூன்று நான்கு வருடம் கூடவே வைத்து வளர்க்க வேண்டும்.

பள்ளியிலிருந்து எடுப்பதும் தாமதம். பத்தாம் வகுப்பு முடித்த ஜூன் 15 முதலே கோச்சுகள் மாணவிகளோடு பேசலாம். நல்ல செட்டர்கள் அப்போதே எந்த அணியில் தன் வயதுக்கு அருகில் செட்டர் இல்லை என்று பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். எங்கள் அணியில் இவள் இருக்கிறாளே என்று நினைத்து எத்தனை பேர் வேறு இடம் போனார்களோ. அவர்கள் இனி திரும்பி வரப்போவதில்லை.

புதுப் பெண்ணையே நேராக இறக்கினால் என்ன என்று கேட்கலாம். கேட்கலாம்தான். 2023 இறுதி ஆட்டத்தில் டெக்சஸ், நெப்ராஸ்கா இரண்டு பக்கமும் முதலாண்டு செட்டர்கள்தான். அடுத்த வருடம் பென் ஸ்டேட்டும் முதலாண்டு செட்டரோடுதான் வென்றது. ஆனால் அந்த மூன்று இடங்களிலும் பாஸ் தங்கத் தட்டில் வரும், சுற்றிலும் அடிக்கத் தெரிந்தவர்கள். எங்களுக்குப் பாதிப் பந்து வலையை விட்டுத் தள்ளி, மூன்று மீட்டர் கோட்டுக்குப் பின்னால்தான் வரும். அங்கே ஓடிப்போய் எடுத்து, யாருக்குத் தருவது என்றும் அதே வேகத்தில் முடிவு செய்வது பதினெட்டு வயதுக்குச் சுலபமில்லை.

இன்னொரு வாதம், டபுள் டச் விதி. இரண்டாவது தொடுதலில் கையில் பந்து இரண்டு முறை பட்டாலும் தன் அணிப் பக்கமே போனால் தவறில்லை என்று 2024இல் மாற்றிவிட்டார்கள். இனி யார் வேண்டுமானாலும் செட் செய்யலாம், செட்டருக்கு என்ன மவுசு என்கிறார்கள். சுத்த அபத்தம். கை சுத்தமாக இருப்பது செட்டரின் வேலையில் சின்னப் பகுதி. எதிரே நிற்கும் மிடில் பிளாக்கர் எந்தக் காலில் பாரம் வைத்திருக்கிறாள் என்று ஓரக்கண்ணால் பார்ப்பதற்கு எந்த விதியும் சலுகை தராது.

எனக்குத் தெரிந்து கோச்சுக்கு இருக்கும் நல்ல வழி 6-2, அதாவது இரண்டு செட்டர்கள் மாறி மாறி. மெயின் செட்டர் பின் வரிசையில் மட்டும்; அவள் முன்னால் வரும்போது ஆப்போசிட் உள்ளே, அதே நேரம் பின்னால் போகும் ஆப்போசிட்டுக்குப் பதில் புதுப் பெண். எப்போதும் முன்னால் மூன்று பேர் அடிக்கலாம், தலைக்கு மேல் அடிக்கும் பிரச்சினையும் தீரும், புதுப் பெண்ணுக்கும் பாரம் பாதியாகும். ஆனால் ஒரு முழுச் சுற்றுக்கு நான்கு மாற்று போய்விடும். அவுட்சைட் ஒருத்திக்குப் பின் வரிசையில் மாற்று போட்டால் ஆறு. இழுபறியான செட்டில் 22-22 வரும்போது பதினைந்தும் தீர்ந்து, ஐந்தடி எட்டு அங்குலம் மறுபடி முன்னால் பிளாக்குக்கு நிற்பாள். இப்போது போகிறவளை வைத்து ஆகஸ்டில் கோச் இதையே முயன்று பார்த்தார், அடிப்பவர்களுக்கு இரண்டு கைகளின் வேகமும் ஒத்துவரவில்லை என்று விட்டுவிட்டார். அப்போதே விடாமல் தொடர்ந்திருந்தால் அவளுக்கும் ஆட்டம் கிடைத்திருக்கும், இன்று இந்தப் பதிவுக்கும் வேலை இருந்திருக்காது. கோச்சுக்குப் பொறுமை போதாது என்பது என் பழைய புகார்.

அரங்கில் எனக்குப் பக்கத்து இருக்கையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வருவார். பென்சிலால் நோட்டில் ஸ்கோர் எழுதுவார். 1981இல் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. பெண்களுக்கு முதல் சாம்பியன்ஷிப் நடத்துவதற்கு முன்பிருந்தே இந்த ஆட்டத்தைப் பார்க்கிறவர். செய்தி வந்த அன்று மாலை அவரிடமிருந்து ஒரே வரி மெசேஜ்: "அடுத்த வருடம் பயிற்சியில் அந்தப் பக்கம் யார் செட் செய்வார்கள்?" நண்பனின் வாய்ஸ் மெசேஜை அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

புதுப் பெண் பள்ளியைச் சீக்கிரம் முடித்து ஜனவரியிலேயே வந்துவிடுகிறாள். ஏப்ரலில் ஒரு பயிற்சி ஆட்டம் இருக்கிறது, நுழைவு இலவசம். டேய், நீயும் வா. மெயின் செட்டர் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று பார்க்காதே, அவளுக்கு எதிரே பி அணிக்கு யார் செட் செய்கிறார்கள் என்று பார். அங்கே லிபரோ ஒருத்தி நின்றால், ஆகஸ்டில் பெரிய அணிகளோடு ஆடும் டோர்னமென்ட்டுக்கு நீ டிக்கெட் போட வேண்டாம்.