காய்ச்சல் எத்தனை நாள்?

ஸ்க்ரப் டைபஸ் டெஸ்ட் கேட்டு வார்டிலிருந்து ஃபார்ம் வந்தால், நான் முதலில் தேடுவது ‘காய்ச்சல் எத்தனை நாள்’ என்ற கட்டத்தைத்தான். பெயர், வயது எல்லாம் அப்புறம். பெரும்பாலும் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். அரசு மருத்துவமனை லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து தை, மாசி வரைக்கும் காய்ச்சல் சாம்பிள்கள் ரேக் ரேக்காக வந்து சேரும். டெங்கு, மலேரியா, வைடால் என்கிற டைபாய்டு டெஸ்ட், ஸ்க்ரப் என்று எல்லாவற்றுக்கும் டிக் போட்டிருப்பார்கள். டிக் போட ஒரு நொடி போதும். நாளைக் கேட்டு எழுதத்தான் யாருக்கும் நேரமில்லை.

ஸ்க்ரப் டைபஸ், ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியாவால் வரும் காய்ச்சல் நோய். பரப்புவது ஒரு பூச்சியின் இளம்புழு, ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. வளர்ந்த பூச்சி மண்ணோடு சரி, மனிதரைக் கடிக்காது. இளம்புழு மட்டும் எலி மேலோ, புதரை உரசிக்கொண்டு போகிற ஆள் மேலோ ஏறும். கடித்தது தெரியவே தெரியாது. அதனால் எங்களிடம் வருகிறவர்களில் மாடு மேய்ப்பவர்கள், விறகு பொறுக்குபவர்கள், களை எடுப்பவர்கள், நூறு நாள் வேலைக்குப் போய் மதியம் வரப்பு ஓரம் சாய்ந்தவர்கள்தான் அதிகம். வீட்டுக்குப் பின்னால் புதர் மண்டிய புறநகர்க்காரர்களும் உண்டு.

இந்தக் கிருமி நம் செல்லுக்குள் புகுந்துதான் வாழும். இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சாதாரண பிளட் கல்ச்சர் பாட்டிலில் எத்தனை நாள் வைத்திருந்தாலும் வளராது. அதனால் கிருமியை விட்டுவிட்டு, அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் ஐ.ஜி.எம். ஆன்டிபாடியைத் தேடுகிறோம். சிக்கல் இங்கேதான். அது இரத்தத்தில் தெரிகிற அளவுக்கு ஏற, காய்ச்சல் தொடங்கி ஐந்து நாளிலிருந்து ஒரு வாரம் வரை ஆகும். மூன்றாம் நாள் எடுத்த இரத்தத்தில் நெகட்டிவ் வந்தால், நோய் இல்லை என்றும் கொள்ளலாம், இன்னும் நேரம் வரவில்லை என்றும் கொள்ளலாம். நாள் தெரியாமல் அந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இந்த ஆன்டிபாடியைத் தேடும் டெஸ்ட்தான் எலிசா. அதைச் செய்வது எனக்குப் பிடித்த வேலை. இரத்தத்தின் தெளிந்த நீரான சீரத்தைப் பிரித்து, நூறு மடங்கு நீர்க்கச் செய்து, தட்டின் குழிகளில் விட்டு 37 டிகிரியில் வைக்க வேண்டும். பிறகு கழுவல். இதில் சோம்பல் காட்டினால் எல்லாக் குழியும் பாசிட்டிவ் மாதிரி நடிக்கும். ஆன்டிபாடியோடு ஒட்டிக்கொள்ளும் கான்ஜுகேட் போட்டு மறுபடி கழுவி, கடைசியாக நிறம் தரும் சப்ஸ்ட்ரேட் விட்டதும், ஆன்டிபாடி இருக்கும் குழிகள் மெல்ல நீலமாகும். ஸ்டாப் சொல்யூஷன் ஒரு சொட்டு பட்டதும் நீலம் சட்டென்று மஞ்சளாகிவிடும். ரீடர் என்கிற கருவி 450 நானோமீட்டர் ஒளியில் அந்த நிறத்தை அளந்து எண்ணைச் சொல்லும். 0.5க்கு மேல் போனால் பாசிட்டிவ் என்று வைத்திருக்கிறோம். 2, 3 என்று வந்தால் கண்ணாலேயே சொல்லிவிடலாம். 0.48தான் தூக்கத்தைக் கெடுக்கும்.

ஒரு சாம்பிளுக்காக கிட்டைத் திறக்க முடியாது. ஒன்றுக்கும் சரி, நாற்பதுக்கும் சரி, டெஸ்ட் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க வைக்கும் கன்ட்ரோல் குழிகளுக்கு ஆகிற செலவு ஒன்றுதான். சேர்த்து வைத்துத்தான் ஓட்டுகிறோம். ரிப்போர்ட் தாமதமாவது அதனால்தான். வார்டிலிருந்து “என்னப்பா, இன்னுமா போடல?” என்று போன் வரும். அனுபவமுள்ள டாக்டர்கள் கேட்க மாட்டார்கள். சந்தேகம் வந்த அன்றே டாக்ஸிசைக்ளின் தொடங்கியிருப்பார்கள், கர்ப்பிணி என்றால் அசித்ரோமைசின். ரிப்போர்ட்டுக்காக மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது என்று 2015இல் வந்த ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழிகாட்டுதலும் சொல்கிறது. பெரும்பாலானோருக்கு இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று இறங்கி, ஐ.சி.யூ. வரைக்கும் கொண்டுபோகும்.

எலிசா கிட் இல்லாத இடங்களில் இன்றும் வீல்-பெலிக்ஸ் என்ற பழைய டெஸ்ட் ஓடுகிறது. 1916இல் வந்தது. இந்த நோய்க்குச் சம்பந்தமே இல்லாத ப்ரோட்டியஸ் பாக்டீரியாவை நோயாளியின் சீரம் திரளவைக்கிறதா என்று பார்ப்பது. மலிவுதான், ஆனால் நிறைய நோயாளிகளைத் தவறவிடும். ஒன்றுமே இல்லாததற்கு இது தேவலாம் என்பேன், அதற்கு மேல் புகழ மாட்டேன். வைடாலில் லேசாக ஏதோ தெரிந்ததை வைத்து டைபாய்டு என்று சொல்லி, ஒரு வாரம் ஊசி போட்டுவிட்டு இங்கே அனுப்பப்படுகிறவர்களைப் பார்க்கும்போதுதான் கோபம் வரும்.

இத்தனை டெஸ்டையும் சில நேரம் ஒரு சிஸ்டரின் கண் தோற்கடித்துவிடும். காய்ச்சல் எதனால் என்று பிடிபடாமல் ஒரு சின்னப் பையன் அட்மிஷனில் இருந்தான். டெங்கு நெகட்டிவ், தட்டணுக்கள் குறைவு. உடம்பு துடைக்கப் போன சிஸ்டர் அரைஞாண் கயிற்றை நகர்த்தினார். அதன் அடியில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம். வலியும் இல்லை, அரிப்பும் இல்லை, அதனால் பையனுக்கே தெரியவில்லை. “நாங்க சூடெல்லாம் வைக்கலீங்க சார்” என்று அம்மா பதறினார். அது அந்த இளம்புழு கடித்த அடையாளம். அன்றே மருந்து தொடங்கினார்கள். பெரும்பாலும் துணி இறுகும் இடங்களில்தான் அது கடிக்கும்: இடுப்பு, தொடை இடுக்கு, அக்குள், மார்புக்கு அடியில். பாவாடை நாடாவுக்குக் கீழே பார்க்கக் கூச்சப்பட்டே எத்தனையோ பேரிடம் இது தவறிப்போகிறது. எல்லோருக்கும் இந்தப் பொருக்கு வருவதில்லை என்பது வேறு விஷயம்.

பாசிட்டிவ் வந்தாலும் உடனே குதிக்க முடியாது. போன மழைக்கு வந்து போன தொற்றின் ஐ.ஜி.எம். மாதக்கணக்கில் இரத்தத்தில் தங்கியிருக்கும். இரண்டு வாரம் கழித்து இன்னொரு சாம்பிள் எடுத்து, அளவு நான்கு மடங்கு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் உறுதியான வழி. புத்தகத்தில் நன்றாக இருக்கிறது. காய்ச்சல் விட்டு, களை எடுக்கப் போய்விட்டவர் எதற்குக் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி இரத்தம் கொடுக்க வருவார்?

ஆகவே கையில் இருக்கும் ஒரே சாம்பிளோடு அந்த நாள் கணக்காவது வேண்டும். கட்டம் காலியாக இருந்தால் வார்டுக்கு போன் போடுவேன். முதலில் சலித்துக்கொண்டார்கள். இப்போது நான் “லேபிலிருந்து” என்றதுமே “ஆறு நாள் சார், எழுத மறந்துட்டோம்” என்று பதில் வருகிறது. எழுதுவதை விட சொல்வதுதான் அவர்களுக்குச் சுலபம் போல. நெகட்டிவ் ரிப்போர்ட்டில் அந்த நாளையும் சேர்த்து, ‘மூன்றாம் நாள் சாம்பிள், சந்தேகம் நீடித்தால் மறுபடி அனுப்பவும்’ என்று நானே ஒரு வரி எழுதிவிடுகிறேன்.