பெரியப்பா துப்பாக்கிக்கு இனிஷியல்

தேர்தல் தேதி அறிவித்தால் கட்சிக்காரர்களை விட அதிகம் பதறுவது எங்கள் பெரியப்பாதான். லைசென்ஸ் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டுமே. கீழ்ப்பழனி மலையில் பழைய காப்பித் தோட்டக்காரர் வீடுகளில் தாத்தா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கிகள் இன்னும் சில உண்டு. எல்லாம் சணலில் அட்டை கட்டிக்கொண்டு ஸ்டேஷன் மூலையில் வரிசையாக நிற்கும். போன தேர்தல் முடிந்து வாங்கப் போனபோது பெரியப்பாவுடைய அட்டையை எலி தின்றிருந்தது. ஏட்டு ஐயா பக்கத்துத் தோட்டக்காரரின் துப்பாக்கியை எடுத்து நீட்டினார். நம்பரைப் பார்த்து உடனே மாற்றியும் கொடுத்துவிட்டார். ஆனாலும் பெரியப்பா மனசு ஆறவில்லை.

"கிரீனர்டா இது! பர்மிங்காம்! அதைப் போய் அடையாளம் தெரியலைங்கிறாரு!"

கிரீனர் என்பது இங்கிலாந்தில் பர்மிங்காம் ஊர்த் துப்பாக்கிக் கம்பெனி. எஸ்டேட்டை விற்றுவிட்டு ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் தாத்தா வாங்கியது. பன்னிரண்டு 'போர்' (bore), அதாவது குழலின் அளவு. குழல் அளவுக்குச் சரியாக ஈயக் குண்டு வார்த்தால் ஒரு பவுண்டுக்குப் பன்னிரண்டு வரும், அதனால் அந்தக் கணக்கு. சேஃப்டி பொத்தான் மற்றதில் போல மேலே இருக்காது, இடது பக்கவாட்டில் இருக்கும். கிரீனர் கம்பெனியின் வழக்கம் அது. வேட்டைக்கு 1972-லேயே சட்டம் வந்துவிட்டது. இப்போது பன்றி விரட்டுவதெல்லாம் பட்டாசுதான். துப்பாக்கியின் ஒரே வேலை, மாதம் ஒருமுறை எண்ணெய் போட்டுக்கொள்வது.

கட்டையின் அடிப்பக்கம் நீள்வட்டமாக ஒரு வெள்ளித் தகடு பதித்திருக்கும். வாங்குகிறவர் தன் இனிஷியலை வெட்டிக்கொள்ளத்தான் இங்கிலாந்துக்காரர்கள் அதைக் காலியாக விடுவார்கள். விற்றுவிட்டுப் போனவரும் வெட்டவில்லை. அண்டா, குண்டா, படி, மரக்கால் என்று எதையும் விடாமல் பெயர் வெட்டிய எங்கள் தாத்தாவும் இதை மட்டும் ஏனோ விட்டுவிட்டார்.

பெரியப்பாவுக்கு அந்தத் தகடு போதவில்லை. இரும்பில், பக்கவாட்டில், தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி வேண்டும் என்றார். மதுரையில் துப்பாக்கிக் கடைக்காரரைக் கேட்டதற்கு அவர் பதறிவிட்டார். அந்த இரும்பின் மேல்தோலைக் கரியில் சுட்டு இறுக்கியிருப்பார்களாம். சித்திர வேலையெல்லாம் அதற்கு முன்பே முடிந்துவிடுமாம். இப்போது உளி வைத்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். அது போகட்டும், நம்பர் மேல் ஒரு கீறல் விழுந்தால்கூட வம்பு. 1959 ஆயுதச் சட்டப்படி அடையாளக் குறியை அழிப்பதும் திருத்துவதும் குற்றம். "தகட்டோட நிறுத்திக்குங்க" என்று போனை வைத்துவிட்டார்.

சரி, என்ன எழுத்து? தாத்தா மு. ராமசாமி. பெரியப்பா ரா. முத்தையா. அண்ணனுக்குத் தாத்தா பெயரையே வைத்ததால் அவன் மறுபடி மு. ராமசாமி. தலைமுறைக்குத் தலைமுறை இனிஷியல் திரும்பித் திரும்பிப் படுக்கும். பெரியப்பா ரொம்ப யோசித்து, "அப்பா பொருள், அப்பா பேருதான்" என்று மு.ரா. என்று முடிவு செய்தார். பெருந்தன்மைதான். பின்னால் வந்த வினை அதற்குள்ளேதான் இருந்தது.

வத்தலக்குண்டில் ஒரு பாத்திரக் கடை. சீர்ப் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டுகிற பெரியவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். ஜீப்பில் இருப்பதைச் சொன்னதும், "அதைக் கடைக்குள்ள கொண்டாராதீங்க சாமி, கல்யாணக் கூட்டம்" என்று அவரே எழுந்து வந்தார். தகட்டிலிருந்த ரெண்டு குட்டி ஆணியைக் கழற்றித் தகட்டை மட்டும் எடுத்துப் போனார். துப்பாக்கிக்கும் லைசென்ஸுக்கும் நான் காவல்.

உள்ளே நடந்ததைப் பெரியப்பா சொன்னபடி எழுதுகிறேன். எவர்சில்வருக்கு மெஷின், வெள்ளிக்குக் கை உளிதான் என்று பெரியவர் மெஷினை ஒதுக்கி வைத்தார். அதுவரை நல்ல மரியாதை. அப்புறம் கூலிப் பேச்சு. எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. ரெண்டு எழுத்துதானே என்றார் பெரியப்பா.

"மூணுங்க. ரா-வுக்குக் கால் தனி."

"அப்ப மு-வுக்குச் சுழி?"

"சுழி எழுத்தோட ஒட்டியே வருது, அதுக்கு வாங்கறதில்ல. புள்ளியும் இலவசம். 'அன்பளிப்பு'ன்னு சேர்க்கணுமா?"

நாற்பது வருஷம் அண்டாவோடு வாழ்ந்தவர், பழக்கத்தில் கேட்டுவிட்டார். பக்கத்தில் குத்துவிளக்குக்குப் பெயர் வெட்டக் காத்திருந்த பெண் வீட்டம்மா, தகடு எதற்கு என்று விசாரித்து, பதிலைக் கேட்டதும் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டாராம்.

வேலை அருமை. கடுகு மாதிரி புள்ளி, வளைவெல்லாம் வழவழவென்று. பெரியம்மா பார்த்துவிட்டு, "நம்ம பையன் பேரு போட்டாச்சா" என்றார். அதுதான் தீக்குச்சி. அண்ணன் பெயரில் துப்பாக்கியை எழுதிவைத்துவிட்டார் என்று சித்தப்பா வீட்டுக்குச் சேதி போய்விட்டது. தாத்தா பெயர்தான் என்று பெரியப்பா சத்தியம் செய்தாலும் யார் நம்புவது? நாளைக்கு மாற்ற வேண்டுமானால் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் எல்லாம் கேட்பார்கள், தகட்டுக்கு அங்கே மதிப்பே கிடையாது என்று நான் எடுத்துச் சொன்னேன். சென்னையிலிருந்து அண்ணனும், "எனக்கு வேண்டவே வேண்டாம், லைசென்ஸ் புதுப்பிக்க யார் அலையறது" என்று சொல்லிப் பார்த்தான். எடுபடவில்லை.

சித்தப்பா ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் வத்தலக்குண்டு போய்வந்தார். இப்போது அவர் வீட்டு அஞ்சு பேட்டரி டார்ச் லைட்டில் ரா.ப. என்று பளிச்சென்று வெட்டியிருக்கிறது. அவரிடமும் காலுக்குத் தனிக் கூலிதானாம்.