நிலாவுல வண்டி இருக்கு, இடம் இல்ல

நிலாவுல ஏக்கர் கணக்குல இடம் வித்து பட்டா மாதிரி ஒரு பேப்பர் அனுப்புறாங்கல்ல, அத ஃபிரேம் போட்டு மாட்டலாம், அவ்ளோதான். 1967 விண்வெளி ஒப்பந்தப்படி எந்த நாடும் நிலாவ சொந்தம் கொண்டாட முடியாது, நாட்டுக்கே இல்லாத நிலத்துக்கு யாரு பத்திரம் பதிவாங்க? ஆனா ரிச்சர்ட் காரியட்னு ஒரு வீடியோ கேம் ஆளு 1993ல சோதபீஸ் ஏலத்துல 68,500 டாலர் குடுத்து லூனாகோத் 2ங்கிற சோவியத் ரோவர வாங்குனாரு, அது 1973லேர்ந்து அங்கயேதான் நிக்குது, வண்டி அவரோடது, சக்கரத்துக்கு அடியில இருக்குற மண்ணு அவரோடது இல்ல, செம காமெடி!

இதுல 2015ல அமெரிக்கா தனியா ஒரு சட்டம் போட்டு, அமெரிக்க கம்பெனிங்க அங்க தோண்டி எடுக்குறது அவங்களுக்கே சொந்தம்னு சொல்லிடுச்சு. எனக்கென்னமோ இடத்த விட இதுலதான் பெரிய சண்ட வரும்னு தோணுது, ஏன்னா தோண்டி எடுக்க நினைக்குற ஐஸ் பெரும்பாலும் இருக்குறது நிலாவோட துருவத்துப் பக்கம் வெயிலே படாத குழிகள்லதான், முதல்ல மெஷின் இறக்குறவன் லேசுல நகருவானா என்ன?